ஆட்டோவா, பெட்டி வைத்த புல்லட்டா, முன்னால் இரண்டு சக்கரமா?

காவேரிப்பட்டணத்தில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை உண்டு. எங்களுக்கு என்றால் சொந்தமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து கையைக் கறுப்பாக்கிக்கொள்ளும் நான்கைந்து பேருக்குப் பட்டறைக்கார அண்ணன் விட்டுக்கொடுத்திருக்கும் ஒரு மூலை, அவ்வளவுதான். போன மாதம் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அங்கே வந்தார். கூரையில்லாத, மூன்று சக்கரம் கொண்ட, இரண்டு பேர் போகக்கூடிய வண்டி ஒன்றைத் தன் கையாலேயே உருவாக்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்டார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகிவிட்டதா தம்பி?" என்றார்.

"இல்லை அண்ணா."

"அப்படியென்றால் தொடங்கலாம்."

இந்த ஆசையைக் கிளப்புபவை வெளிநாட்டு வண்டிகளின் படங்கள். இங்கிலாந்தின் மார்கன் தன் முதல் மூன்று சக்கர வண்டியை 1909-இல் உருவாக்கி, அந்த வகையை 1952 வரை தயாரித்தது. 2011-இல் மறுபடியும் கொண்டுவந்தது. கனடாவின் கேன்-ஆம் ஸ்பைடர் 2007-இலும் அமெரிக்காவின் பொலாரிஸ் ஸ்லிங்ஷாட் 2014-இலும் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பார்க்க அழகுதான். வாங்குவதற்குப் பர்கூர் பக்கம் இருக்கும் மாந்தோப்பை விற்க வேண்டும். எனக்குத் தோப்பும் இல்லை. எனவே நம் ஊரில் கிடைப்பதை வைத்துச் செய்யக்கூடிய மூன்று வழிகளைத்தான் பேசப் போகிறேன். பழைய ஆட்டோவைப் புதுப்பிப்பது, புல்லட்டுக்குப் பக்கவாட்டில் பெட்டி (சைடுகார்) வைப்பது, முன்னால் இரண்டு சக்கரம் வரும்படி அடியிலிருந்து கட்டுவது. முதல் இரண்டும் என்னிடமே இருந்தவை. மூன்றாவதைப் பாலக்கோட்டு நண்பர் ஒருவர் கட்டினார். வெல்டிங் வைக்கும்போது இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

ஆட்டோவிலிருந்து தொடங்குகிறேன். தருமபுரியில் ஓட்டுநர் ஒருவர் தொழிலை விட்டபோது அவருடைய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை வாங்கினேன். பின்னால் 145 சிசி எஞ்சின், நான்கு கியர், ரிவர்ஸ், எட்டு அங்குலச் சக்கரம், மூன்றிலும் டிரம் பிரேக். ஆட்டோவின் கூரை ரெக்சின்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதையும் தாங்கும் குழாய்களையும் கழற்றிவிட்டால் அங்கேயே திறந்த வண்டி ஒன்று நிற்கிறது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடையாது. எஞ்சினை ஒருவரே கீழே இறக்கிவிடலாம். கார்புரேட்டரைக் கழுவினேன், சிலிண்டருக்குப் போர் அடித்து, அதாவது உட்சுவரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன், கிளட்ச் தட்டு மாற்றினேன். தவறாக மாட்டி மறுபடியும் கழற்றினேன். உதிரிபாகத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை; ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே கிடைத்துவிடும்.

ஓட்டத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. வீட்டிலிருக்கும் முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலுக்கு நடுவே எடை இருந்தால் அசையாது. தனிக்காலின் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் கவிழ்த்துவிடும். வண்டிக்கும் அதே கணக்கு. இரட்டைச் சக்கரங்களின் இடைவெளி 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கர வண்டியாக இருந்தால் நடுவிலிருந்து, எடை தாண்டினால் வண்டி கவிழும் கோடு வரை 0.6 மீட்டர் இருக்கும். மூன்று சக்கரத்தில், மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு இரட்டைச் சக்கரத்தின் மேல் விழுந்தால்கூட அது 0.4 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆட்டோ வளைவில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னாலும் வெளிப்பக்கமும் ஓடுகிறது. சரியாக அந்த மூலையில்தான் ஆட்டோவுக்குச் சக்கரம் இல்லை. இராயக்கோட்டைச் சாலை வளைவு ஒன்றில் ஆடு குறுக்கே வந்தபோது இந்தக் கணக்கை உடம்பால் கற்றேன். உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. ஆடு அசையவே இல்லை.

காகிதச் சிக்கலும் உண்டு. ஆட்டோ வாடகை வண்டியாகப் பதிவானது. எட்டு வயது தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். கூரையைக் கழற்றிய வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டு போய், வந்து கழற்றினேன். இரண்டாம் ஆண்டே அலுத்துவிட்டது. விற்றுவிட்டேன்.

நண்பரின் வண்டிக் கதை நேர்மாறானது. ஓட்டத்தில் அவருடையதுதான் சிறந்தது. அதை ஓட்டத்தான் இடம் இல்லை. விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய பைக் ஒன்றின் பின்பாதியையும், மாருதி 800 ஒன்றின் முன்பக்கத்தையும் எடுத்து, நடுவில் சதுரக் குழாயால் சேசிஸ் கட்டினார். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய இரும்புக் கடைகளில் அதன் ஸ்டியரிங் ரேக்கும் ஸ்ட்ரட்டும் இன்னும் குவிந்துதான் கிடக்கின்றன. இதில் எங்களை ஒரு மாதம் அலைக்கழித்த சங்கதி ஒன்று. அது முன்சக்கரத்தால் இழுக்கும் கார். எஞ்சின் இனி முன்னால் இல்லையே, அதன் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் எதற்கு என்று முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டோம். சக்கரம் ஆடியது. சக்கரத்தை மாட்டும் ஹப்பின் பேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஷாஃப்டின் வெளிமுனையும் அதன் நட்டும்தான். முனையை மட்டும் வெட்டி மறுபடி செருகிய பிறகுதான் ஆட்டம் நின்றது. ஸ்பிரிங்கும் அப்படித்தான்: கார் எஞ்சினின் எடையைத் தாங்கப் பிறந்தது, எடை போனதும் விறைத்துக்கொண்டு வண்டியின் மூக்கைத் தூக்கியது.

இரண்டு ஆண்டுகள் ஆயின. பிரேக் பிடித்தால் வண்டி தரையோடு ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் எடை ஓடிப்போகும் இடத்தில் இரண்டு சக்கரம் காத்திருக்கிறது. வளைவில் வேகமெடுத்தால் மட்டும் ஒற்றைப் பின்சக்கரம் வழுக்கும். பைக் டயர் சாய்ந்து ஓடுவதற்காக உருண்டையாக வார்க்கப்பட்டது. இங்கே அது சாய்வதே இல்லை, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடுகிறது. பைக் எஞ்சினுக்கு ரிவர்ஸ் கிடையாது, எனவே திருப்ப வேண்டுமானால் இறங்கி வாலைத் தூக்கித் திருப்ப வேண்டும். இவ்வளவையும் மன்னித்துவிடலாம். வண்டி ஓடுவது அவருடைய மாமாவின் மாந்தோப்புக்குள் மட்டும் என்பதுதான் மன்னிக்க முடியாதது.

காரணம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் பதிவுச் சான்றில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டின் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். நண்பரின் வண்டியில் மாறாதது எது என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். பாதி பைக், பாதி கார், எந்த ஆர்.சி. புத்தகம் அதற்குப் பொருந்தும்?

இங்கேதான் பெட்டி வைத்த புல்லட் என் கண்ணில் உயர்ந்தது. சைடுகார் என்பதை எங்கள் பக்கம் பெட்டி என்றுதான் சொல்கிறோம். அதே சட்டத்தின் 2(27)-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிள் என்றால் என்ன என்று விளக்கும்போதே, கழற்றக்கூடிய, கூடுதல் சக்கரம் கொண்ட சைடுகாரையும் அதற்குள் சேர்த்துக்கொள்கிறது. சட்டத்தின் பார்வையில் மூன்றாவது சக்கரத்தோடும் அது மோட்டார் சைக்கிள்தான். இதை வைத்துக்கொண்டு வண்டியோட்டக் கிளம்பிவிட வேண்டாம். பெட்டி வைத்ததை ஆர்.சி.யிலும் காப்பீட்டிலும் பதிந்துகொள்ள வேண்டும். முதல் போல்ட்டை இறுக்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆனால் கதவு அடைத்தே இருக்கும் வீட்டுக்கும், தட்டினால் திறக்கக்கூடிய வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

என் புல்லட் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). 18 குதிரைசக்தி என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த நீண்ட ஸ்ட்ரோக்கினால் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கிறது; பெட்டி இழுக்க அதுதான் வேண்டும். கியர்பாக்ஸ் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தேன், ஏற்றத்தில் மூச்சு வாங்குவது நின்றது.

பெட்டியைப் பொருத்துவதில்தான் கலை இருக்கிறது. நான்கு இடத்தில் பிடிப்பு: கீழே இரண்டு, மேலே சாய்வாக இரண்டு. பெட்டிச் சக்கரத்தின் அச்சு, புல்லட் பின்சக்கர அச்சுக்கு நேராக இருக்கக் கூடாது. ஒரு சாண் அளவு முன்னால் தள்ளி இருக்க வேண்டும். பெட்டிச் சக்கரம் முன்பக்கம் சற்றே உள்நோக்க வேண்டும். புல்லட் நேராக நிற்காமல் பெட்டிக்கு எதிர்ப்பக்கமாக ஒன்றிரண்டு டிகிரி சாய வேண்டும். அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். நேரான இரண்டு அலுமினியச் சதுரக் குழாயைப் புல்லட்டின் இரண்டு டயரையும் தொட்டபடி ஒன்றும், பெட்டி டயரைத் தொட்டபடி ஒன்றும் தரையில் கிடத்துங்கள். முன்முனைகளின் இடைவெளி பின்முனைகளைவிட 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை குறைவாக இருந்தால் சரி. நான் 12-இல் தொடங்கினேன். பெட்டி இருக்கும் இடதுபுறமே வண்டி இழுத்துக்கொண்டு போனது. 18-க்குப் போனேன், சாய்வையும் கொஞ்சம் கூட்டினேன். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் இந்த ஒரே வேலைதான். எட்டாவது ஞாயிறு சூளகிரி வரை போய் வந்தபோது தோள் வலிக்கவில்லை.

பைக் ஓட்டத் தெரிந்தவருக்குப் பெட்டி வண்டி ஓட்டத் தெரியாது. சாய்த்தால் திரும்பாது, ஹேண்டில்பாரைக் கையால் திருப்ப வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் பெட்டி பின்தங்கி வண்டி இடதுபுறம் இழுக்கும், விட்டால் பெட்டி முந்திக்கொண்டு வலதுபுறம் தள்ளும். பழகிய பிறகு அந்தக் குணத்தையே வளைவுகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆபத்து இடது வளைவில்: காலிப் பெட்டி பட்டம் போலக் கிளம்பிவிடும். சீசனில் நான் இரண்டு கூடை பெங்களூரா மாங்காயை உள்ளே வைத்துவிடுவேன், மற்ற மாதங்களில் 25 கிலோ அரிசி மூட்டை. வீட்டில் இதைப் பற்றி ஒரு கருத்து நிலவுகிறது; அதை இங்கே எழுதுவதாக இல்லை.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. ஆட்டோவுக்கும் நண்பரின் வண்டிக்கும் மூன்று தடம். பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்டலாம் என்றால் நடுச்சக்கரம் அதில் இறங்கும்; ஓரத்தில் விட்டால் ஓரச்சக்கரம் இறங்கும். தோட்டத்து மண்பாதையில் இரண்டு வண்டித்தடத்துக்கு நடுவே புல் முளைத்த மேடு இருக்குமே, அதன் மேல் ஏறி ஏறியே நண்பரின் பின்சக்கரம் போகும். பெட்டி வண்டிக்கு இரண்டே தடம். கிருஷ்ணகிரி மாந்தோப்புப் பாதைகளில் இந்த ஒரு காரணத்துக்காகவே அதற்கு மாலை போடலாம்.

குறையும் உண்டு. பக்கவாட்டு விசை ஸ்போக் கம்பிகளைத் தளர்த்துகிறது. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்கிறேன். கிளட்ச் சீக்கிரம் தேய்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பின்னால் லாரி வரும்போது, இந்த வண்டியோடு இருக்க நான் விரும்பமாட்டேன். மூன்றில் எதோடும் விரும்பமாட்டேன். ஆனால் மனம் மாறினால் நான்கு பிடிப்பைக் கழற்றினால் போதும், புல்லட் மறுபடியும் புல்லட். நண்பர் மனம் மாறினால் பழைய இரும்புக் கடைதான்.

இதையெல்லாம் அந்த ஓசூர்த் தம்பியிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். பெட்டியில் உட்கார வைத்து அணைக்கட்டு வரை கூட்டிக்கொண்டும் போனேன். கவனமாகக் கேட்டார், நன்றி சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை குட்டியானை மினி லாரி ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. மேலே மாருதி 800-இன் முன்பக்கம் முழுதாக இருந்தது. அண்ணன் எழுந்து போய், குனிந்து, ஹப்பின் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஷாஃப்ட் முனை எங்கே தம்பி?"

"அது தேவையில்லை என்று கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன் அண்ணா."