பருவுக்கு டீ ட்ரீ ஆயில்: பாட்டிலா, ஜெல்லா, ஃபேஸ்வாஷா?

பருவுக்கென்று விற்கும் எசென்ஷியல் ஆயில்களில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது டீ ட்ரீ (தேயிலை அல்ல, ஒரு ஆஸ்திரேலிய மரத்தின் இலை எண்ணெய்) ஒன்றுதான். கடையில் அது மூன்று வடிவத்தில் கிடைக்கிறது: கலக்காத எண்ணெய்ப் பாட்டில், தயார் ஜெல், ஃபேஸ்வாஷ். எங்கள் ஓட்டு 5 சதவீத ஜெல்லுக்கு. கலக்கத் தெரிந்தவர்கள் மட்டும் பாட்டில் வாங்கலாம். ஃபேஸ்வாஷ் கடைசி. அரை நிமிடத்தில் கழுவிவிடும் நுரையில் எண்ணெய் தோலில் தங்க நேரமே இல்லை.

ஏன் 5 சதவீதம்? 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகத் தரும் மருந்தான பென்சாயில் பெராக்சைடின் 5 சதவீத லோஷனையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீக்கு வேகம் குறைவு, ஆனால் எரிச்சலும் தோல் உரிவதும் குறைவாக இருந்தன. அதனால் லேசான, நடுத்தரப் பருவுக்கும், பெராக்சைடு ஒத்துக்கொள்ளாத முகத்துக்கும் இது சரி. உள்ளே கட்டியாகத் திரண்டு வலிக்கும் பருவை இதை நம்பி விட்டுவைத்தால் தழும்பு விழும். அதற்குத் தோல் மருத்துவர்தான்.

பாட்டில் வாங்கினால் லேபிளில் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்ச் எண்ணுக்கு ஆய்வக அறிக்கை தரும் கடை என்றால் இன்னும் நல்லது. டீ ட்ரீ எண்ணெய்க்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4730-இன்படி, அதில் உள்ள பொருட்களில் டெர்பினென்-4-ஆல் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும், சினியோல் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கிருமியை அடக்குவதில் பெரும்பங்கு முதலாவதுக்கு. வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி பளபளப்பாகக் கறை நின்றால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. யூகலிப்டஸ் தைலம் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது, அதுவும் ஆவியாகிவிடும்.

ரப்பர் டிராப்பர் மூடி வேண்டாம். எண்ணெயின் ஆவி ரப்பரை உப்பவைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும், காற்றும் புகும். அடர்நிறக் கண்ணாடிப் பாட்டில், சொட்டு சொட்டாக விழும் பிளாஸ்டிக் அடைப்பான், இறுக்கமான மூடி, இவ்வளவும் அவசியம். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான டீ ட்ரீதான் ஒவ்வாமையைக் கிளப்புவதில் முன்னணி. டர்பன்டைன் போல நெடி மாறியிருந்தால் முகத்துக்கு வேண்டாம்.

கலக்கும்போது சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள், பாட்டிலுக்குப் பாட்டில் சொட்டின் அளவு மாறும். ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு மருந்துக் கடையில் கிடைக்கும். முதலில் 0.2 மில்லி டீ ட்ரீயை 9.8 மில்லி ஜோஜோபா விதை எண்ணெயில் கலந்து 2 சதவீதமாகத் தொடங்குங்கள். இரண்டு வாரம் தாங்கினால் 0.5-க்கு 9.5 என்று ஏற்றலாம். தேங்காயெண்ணெயில் கலக்க வேண்டாம், பலருக்குத் துளையை அடைக்கும். கற்றாழை ஜெல்லில் கலப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. எண்ணெய் ஜெல்லில் கரையாமல் துளித்துளியாக நிற்கும், ஒரு இடத்தில் ஒன்றுமில்லாமலும் இன்னொரு இடத்தில் நேரடி எண்ணெயாகவும் தோலில் படும். அப்படிப் பட்ட இடம் வெந்து, நம் மாநிறத் தோலில் மாதக்கணக்கில் கருமையாக நிற்கும். கலக்காத எண்ணெயைப் பருவின் மேல் தொட்டு வைப்பதும் அதே கதைதான். தயார் ஜெல்லை முதலிடத்தில் வைத்ததற்கு இதுவே காரணம்.

கலவையை முழங்கை மடிப்பில் தினம் இருமுறை, ஐந்து நாள் தடவிப் பாருங்கள். பிறகு முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்தபின் இரவில் மட்டும், கண்ணையும் உதட்டோரத்தையும் விட்டுத் தடவுங்கள். அடாபலீன் என்ற பரு மருந்து போடும் இரவில் இது வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

எலுமிச்சை எண்ணெய் பிழிந்து எடுத்ததாக இருந்தால் வெயிலில் தோலைக் கருக்கும். லாவெண்டரின் மணம் நல்லது, பருவுக்கு நம்பும்படியான சான்று இல்லை.

நெற்றியில் ஒரே அளவில் பொரிப்பொரியாக வந்து அரித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். எண்ணெய்க் கலவை தடவினால் கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள். டீ ட்ரீ தடவிய இடமே சிவந்து தடித்து அரித்தால் ஒவ்வாமை, டீ ட்ரீ உள்ள எதையும் இனித் தொடக்கூடாது. பாட்டிலைக் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள், வாய்க்குள் போனால் விஷம்.