பெரிய எழுத்துப் பைபிள்: ஒன்பது மாதம் புரட்டிய பிறகு எழுதுவது

என் மனைவியை அடக்கம் செய்து பதினெட்டாவது நாள் பாளையங்கோட்டையில் இந்தப் பைபிளை வாங்கினேன். வீட்டில் பைபிள் இல்லாமல் இல்லை. அவளுடையது இருக்கிறது. பொடி எழுத்து, அதன்மேல் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. திறந்தால் வசனத்துக்கு முன்னால் அவள் கையெழுத்துதான் கண்ணில் படும். இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஜெபம் அவள் பொறுப்பு. ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவள் ஜெபிப்பாள், நான் கடைசியில் ஆமென் சொல்வேன். 31 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவன்; பாதி நாள் அந்த ஆமென் சொல்லக்கூட வீட்டில் இருந்ததில்லை. அதனால் முழங்கால் போட்டால் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. வாய் திறந்து படிக்கவாவது ஏதாவது வேண்டும் என்றுதான் கடைக்குப் போனேன்.

எந்தப் பதிப்பு என்று பெயர் எழுதவில்லை. என் கைக்கு வந்த ஒரு பிரதியை வைத்து யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். பொதுவாகப் பெரிய எழுத்துப் பைபிள் வாங்கப் போகிறவர்களுக்கு இது உபயோகப்படும்.

எழுத்து நன்றாக இருக்கிறது. வாசிப்புக் கண்ணாடி போட்டால் டியூப்லைட் தேவையில்லை, ராத்திரி விளக்கே போதும். எடைதான் பிரச்சினை. தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 1 கிலோ 850 கிராம். படுத்துக்கொண்டு நெஞ்சில் வைத்துப் படிக்கலாம் என்று கனவு காணாதீர்கள். தாள் வெங்காயச் சருகு மாதிரி. பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் நிழலாகத் தெரிகிறது. ஃபேன் ஓடினால் தாள் படபடவென்று தானாகவே சங்கீதப் புத்தகத்திலிருந்து அடுத்த புத்தகமான நீதிமொழிகளுக்குப் போய்விடும். ஃபேனை நிறுத்தினால் கொசு. கடைசியில் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பக்கத்தின்மேல் பாரமாக வைத்துப் படிக்கப் பழகிவிட்டேன்.

ஜிப் உறை இரண்டாவது மாதமே வாயைப் பிளந்துவிட்டது. கடையில் கேட்டதற்கு, "உறைக்கு கேரண்டி கிடையாது அண்ணாச்சி" என்றார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பை தைக்கிறவர் 60 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார். அந்த ஜிப் இன்னும் ஜம்மென்று இருக்கிறது.

முன்பக்கத்தில் 'துக்க நேரத்தில்' என்று ஒரு அட்டவணை உண்டு. சங்கீதம் 23, யோவான் 14, 2 கொரிந்தியர் 1 என்று போகும். எல்லாம் நல்ல பகுதிகள்தான். ஆனால் அடக்க ஆராதனையில் கேட்டது, மூன்றாம் நாள் ஜெபத்தில் கேட்டது, வந்தவர் போனவரெல்லாம் சொன்னது. "தேவ சித்தம், அழக்கூடாது, சாட்சியா நிக்கணும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனவர்களின் குரலும் அந்த வசனங்களோடு ஒட்டிக்கொண்டது. எனக்குள் வேறு ஒரு கோபம் இருந்தது. புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான தேவனுடைய வாக்கு என்று ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம்; அவள் எடுத்த வாக்குத்தத்த அட்டை ஏசாயா 46:4: "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்." ஜனவரி ஒன்றாம் தேதி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பிப்ரவரியில் போய்விட்டாள். 57 வயது, நாலு முடிதான் நரைத்திருந்தது. இதை யாரிடம் கேட்பது?

அட்டவணையை விட்டுவிட்டு, சங்கீதத்தை ஒன்றாம் எண்ணிலிருந்து ராத்திரி மூன்று மணிக்குச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தேன். அந்த நேரத்தில்தான் விழிப்பு வரும். 13ஆம் சங்கீதத்தில் தாவீது, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று நேராகவே கேட்கிறார். ஆறே வசனம், கடைசியில் பாடத் தொடங்கிவிடுகிறார். எனக்கு அவ்வளவு வேகம் வரவில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இப்படிப் புலம்பல்தான் என்பது, ஞாயிறு தவறாமல் கோவிலில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

88க்கு வந்த ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கிறது. முழுக்க இருட்டு, குழி, கேள்வி. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று பக்கத்தின் அடியில் முடிந்தது. சரி, ஸ்தோத்திரம் அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று திருப்பினேன். அங்கே 89 ஆரம்பித்திருந்தது. தாள் ஒட்டிக்கொண்டதோ என்று எச்சில் தொட்டுத் தேய்த்துக்கூடப் பார்த்தேன். அவ்வளவுதான் அந்தச் சங்கீதம். அதன் கீழே யாரோ ஆமென் சொல்ல வேண்டும்போல இருந்தது, நான் சொன்னேன். இத்தனை வருஷப் பழக்கமல்லவா. பிறகு படுத்தவன் பால்காரர் மணியடித்த பிறகுதான் எழுந்தேன். ஃபேன் போட மறந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது ஹென்றி பவர் என்பவர் பெயரால் சொல்லப்படும், 1871இல் வந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு; நாங்கள் சிறு வயதிலிருந்து மனப்பாடம் பண்ணியது. சத்தமாகப் படிக்க இதுதான் சுகம். ஆனால் சில இடத்தில் இடிக்கும். சங்கீதம் 56:8இல், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று வருகிறது. ஊரில் கொல்லர் பட்டறைத் துருத்தியைப் பார்த்து வளர்ந்தவன் நான். நெருப்பை ஊதுகிற துருத்தியில் கண்ணீரை எதற்கு வைக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டு டீச்சர் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர்; அவர்கள் வைத்திருக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பை வாங்கிப் பார்த்தேன். அதில் 'தோற்பை' என்று இருக்கிறது.

என் கண்டக்டர் தோல்பை இன்னும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. அதில் விழுந்த ஒவ்வொரு சில்லறைக்கும் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் என்கிற கணக்குத்தாள் எழுதியிருக்கிறேன். ஒரு ரூபாய் குறைந்தாலும் டெப்போவில் விடமாட்டார்கள். அதே வசனம் "அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" என்றுதான் முடிகிறது. அன்றைக்கு முதல்முறையாக, படிக்காமல், என் சொந்த வார்த்தையில் ஜெபித்தேன். நாலு வரிதான் இருக்கும். அட்டையைப் பற்றிய கேள்வியையும் கேட்டேன். பதில் வரவில்லை. அட்டை இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று ஜிப்புக்கும் அந்த அட்டவணைக்கும் சேர்த்து. துக்க வீட்டுக்கு வாங்கிக் கொடுக்க நினைத்தால் மூன்றாம் நாள் கொண்டுபோகாதீர்கள், அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருக்கும். நாற்பதாம் நாள் முடிந்து, நாற்காலி வாடகைக்காரர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு கொடுங்கள். ஜிப் இல்லாத உறையாகப் பார்த்து வாங்குங்கள்.