வைகைக்கு எது நெருக்கம்? பகுப்பா, சொல்லா, இணைப்பா

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்கு வரும் தண்ணீர் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வருகிறது. 1895-இல் கட்டி முடித்த அணை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கும் தண்ணீர் கடைசியில் வைகையில் சேர்கிறது. அணைக்கும் வைகைக்கும் உள்ள இந்த நெருக்கத்தை விக்கிப்பீடியாவை வைத்துக் கணினி அளக்க மூன்று வழிகளைப் பார்ப்போம்.

2006-இல் வந்த விக்கிரிலேட் என்ற முறை, கட்டுரைகளை வகைப்படுத்தும் பகுப்பு மரத்தில் இரண்டு கட்டுரைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்த்தது. எல்லைக்காரர்களுக்கு இது சரிப்படாது. அணை இடுக்கிப் பக்கம் போய்விடும், வைகை தமிழ்நாட்டு ஆறுகள் பக்கம்.

அடுத்த ஆண்டு கப்ரிலோவிச், மார்கோவிச் என்ற ஆய்வாளர்கள் கட்டுரைகளில் உள்ள சொற்களையே எண்ணி ஒப்பிட்டார்கள். 353 ஆங்கிலச் சொல் ஜோடிகளுக்கு மனிதர்கள் போட்ட மதிப்பெண்ணோடு ஒத்துப்போன அளவு 0.75 (முழுதும் ஒத்தால் 1). 2008-இல் நியூசிலாந்தின் மில்னும் விட்டனும் தந்த இணைப்பு முறை, இரண்டு கட்டுரைகளுக்கும் பொதுவாக எத்தனை கட்டுரைகள் இணைப்புத் தருகின்றன என்று பார்த்தது. அதற்கு 0.69-தான்.

ஆனாலும் தமிழுக்கு என் ஓட்டு இணைப்புக்கே. வைகையில், வைகையிலிருந்து, வைகையோடு என்று வேற்றுமை ஏறினால் சொல் எண்ணும் முறை தடுமாறும். முதலில் வேர்ச்சொல் பிரிக்க வேண்டும். தேனியில் ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர், இரண்டுமே கேரள எல்லையில். வெறும் சொல்லுக்கு வித்தியாசம் தெரியாது. இணைப்போ எந்தக் கட்டுரை என்று நேராகக் காட்டிவிடுகிறது.

கணக்கும் எளிது. மொத்தம் 1,50,000 கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். அணைக்கு இணைப்புத் தருபவை 200, வைகைக்கு 1,000, இரண்டுக்கும் பொதுவாகத் தருபவை 50. மடக்கை (log) போட்டால், 1 − log(1,000/50) ÷ log(1,50,000/200), நெருக்கம் சுமார் 0.55. அதே அணையை 20,000 இணைப்புகள் வரும் ‘இந்தியா’வோடு வைத்துப் பாருங்கள். பொதுவானவை 100 இருந்தும் 0.20-தான் வரும். எல்லோருக்கும் சொந்தமானவர் யாருக்கும் நெருங்கிய சொந்தமில்லை என்று நம் ஊரில் சொல்வது போலத்தான்.

ஒரே குறை, இணைப்பே போடாத கட்டுரை. சுருளியாற்றைப் பற்றி எழுதுகிறவர் முல்லைப் பெரியாறு என்ற பெயரை வெறும் எழுத்தாக விட்டுவிட்டால், அந்த உறவு இந்தக் கணக்கில் ஏறாது. அதனால் படிக்கும்போது அப்படி விடுபட்டது கண்ணில் பட்டால், அங்கேயே ‘தொகு’வை அழுத்தி பெயரை இணைப்பாக்கும் இரட்டைச் சதுர அடைப்பைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போகிறேன்.