செத்துவிட்டதாகச் சொன்ன கம்பியூட்டர் கத்தியது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பசாருக்கு (சந்தைக்கு)ப் பின்வரிசையில் கைப்பேசி கவர்கள் தொங்கும் ஒரு சின்னக் கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. கம்பியூட்டர் பழுதுபார்க்கிற தம்பி உள்ளே ஒரு மூலையில் இருப்பார்.

என்னுடையது 2013இல் வாங்கிய மேசைக் கம்பியூட்டர். கோயில் கணக்கு எல்லாம் அதில்தான். போன மாதம் பட்டனை அமுக்கினால் காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பார்த்ததோடு சரி, "மதர்போர்டு போச்சு, 450 ரிங்கிட்" என்றார்கள். எல்லா உறுப்புகளும் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகைதான் மதர்போர்டு. தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். கணக்குக் காட்டாத செலவுக்குக் கையெழுத்துப் போட மனம் வராது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தத் தம்பி முதலில் கம்பியூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டியைச் சோதித்தார். 12 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 11.9. "11.4க்குக் கீழே போனால்தான் கவலை, அங்கிள்." அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு ரேமையும் (நினைவகப் பலகைகளையும்) கழற்றினார், தன்னிடமிருந்த குட்டி ஸ்பீக்கரை மதர்போர்டில் செருகினார், பட்டனை அமுக்கினார். பெட்டி விடாமல் 'பீப் பீப்' என்று கத்தியது. ரேம் இல்லை என்று முறையிடத் தெரிகிறதென்றால் மதர்போர்டுக்கும் புராசசருக்கும் உயிர் இருக்கிறதாம்! என் பேத்தி பென்சிலுக்கு வைத்திருப்பது போன்ற அழிப்பானால் ரேமின் பொன்னிறப் பற்களைத் தேய்த்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒன்று பிழைத்துக்கொண்டது. மற்றது எந்தத் துளையில் போட்டாலும் கத்தல்தான்.

கம்பியூட்டர் அணைந்திருக்கும்போதும் தேதியைக் காக்கும் பொத்தான் பேட்டரியையும் அளந்தார். 3 வோல்ட்டுக்கு 2.5தான் இருந்தது. சில வாரங்களாகவே தேதி 2012க்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கவனிக்காமல் விட்டேன்.

பழைய 4 ஜிபி ரேம் ஒன்று 25 ரிங்கிட், பேட்டரி 5, கூலி 40. மொத்தம் 70. கெட்டுப்போன ரேமையும் கையில் கொடுத்தார்.

குறையும் உண்டு. நாலு மணிக்கு முடியும் என்றவர் ஆறே காலுக்குத்தான் முடித்தார். உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதிலும் ஒரு கால் ஆட்டம். பில் கேட்டால்தான் எழுதுகிறார். பழைய ரேமுக்கு ஒரு மாதம்தான் உத்தரவாதம், அதையும் நான் சொல்லித்தான் பில்லில் எழுதினார். வெள்ளிக்கிழமை கடை கிடையாது.

கிளம்பும்போது கம்பியூட்டர் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, "சாமி அறையிலா வச்சிருக்கீங்க? சாம்பிராணிப் புகை உள்ளே பிசுபிசுன்னு படிஞ்சிருக்கு, அங்கிள். இடத்தை மாத்துங்க" என்றார். வீட்டில் சொன்னேன். சாமி நகராது என்றாள் மனைவி. கம்பியூட்டர் இப்போது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.