குறைவாக அளந்து எம்.ஆர்.ஐ படம்: கணிதமா, பயிற்சியா?

பல வருஷம் கொழுந்துக் கூடை சுமந்து முதுகு தேய்ந்த என் அம்மாவை அட்டனிலிருந்து கண்டிக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன், வளைந்த பாதையைவிட அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் கிடந்ததுதான் அவருக்குப் பெரிய வேதனை. நேரத்தைக் குறைக்க, உடலிலிருந்து வரும் சிக்னலை எம்.ஆர்.ஐ இயந்திரம் குறைவாக அளக்கலாம். சரி, விடுபட்டதை எப்படி நிரப்புவது?

ஒரு வழி கம்ப்ரெஸ்ட் சென்சிங், 2007இல் லுஸ்டிக், டொனோஹோ, பாலி என்ற ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐக்குக் கொண்டுவந்தது. ஒழுங்கில்லாமல் அங்கங்கே விட்டு அளந்தால் பிழை இரைச்சல் போலச் சிதறும். படத்தின் முக்கிய விவரம் சில வேவ்லெட் எண்களுக்குள் (படத்தைச் சிறு அலைத் துண்டுகளாகப் பிரித்து எழுதும் எண்கள்) அடங்கிவிடுவதால் அந்த இரைச்சலைப் படிப்படியாகக் கழிக்கலாம். பயிற்சித் தரவு தேவையில்லை. ஆனால் கணக்கு மெதுவாக ஓடும், அளவு மீறிக் குறைத்தால் நுண்விவரம் மழுங்கும்.

மற்றது ஆழ்கற்றல்: நிறைய ஸ்கேன்களைக் காட்டி, நெட்வொர்க் என்னும் கணினி நிரலை விடுபட்டதை நிரப்பப் பழக்குவது. நியூயார்க் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் 2018இல் தொடங்கிய ஃபாஸ்ட்எம்ஆர்ஐ என்ற ஆய்வுத் திட்டம், 1,500க்கும் மேற்பட்ட முழங்கால் ஸ்கேன்களின் மூலத் தரவைப் பொதுவில் வைத்தது. பயிற்சி முடிந்தால் படம் சட்டென்று வரும், கூர்மையாகவும் இருக்கும். எனக்குப் பயமே அந்தக் கூர்மைதான்: பயிற்சியில் காணாத சின்னக் கிழிசலை அது அழித்துவிடலாம், இல்லாததை வரைந்தும் விடலாம், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. அதனால் ஒவ்வொரு படியிலும் அளந்த தரவோடு ஒத்துப் பார்க்கும் நெட்வொர்க் என்றால் மட்டுமே அம்மாவின் முதுகுக்குச் சம்மதிப்பேன்.