பழைய மௌசர் தோட்டாவுக்கு மருந்து நிறுக்க எந்தத் தராசு?

துப்பாக்கித் தோட்டாவைக் கையால் நிரப்புபவர்கள் வெடிமருந்தை (இனி ‘மருந்து’) நிறுக்கப் பயன்படுத்தும் இரண்டு தராசுகளைப் பற்றியது இந்த மதிப்புரை. ஒன்று, சிம் லிம் டவரில் ஒரு கடையில் 40 வெள்ளிக்கும் குறைவாக வாங்கிய, 0.001 கிராம் வரை காட்டும் சட்டைப்பை மின்தராசு. மற்றது, அமெரிக்க ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் எம்500 என்னும் கோல்தராசு. இரண்டும் வேலை பார்த்த இடம் சிங்கப்பூர் அல்ல. ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வடக்கே கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் என் அக்காள் கணவரின் தகரக் கொட்டகை. சிங்கப்பூரில் உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே சிறையும் பிரம்படியும் தரும் குற்றம் என்பதால், இங்கே யாரும் வீட்டில் தோட்டா நிரப்பிப் பார்ப்பதில்லை. துப்பாக்கிக்கும் மருந்துக்கும் முறையான உரிமம் வைத்திருப்பவர் அத்தான்தான். விடுமுறையில் போகும்போது தராசு, அளவுகோல் முதலியவற்றை வாங்கிச் சென்று, பக்கத்தில் உட்கார்ந்து எண்களைக் குறித்துக்கொடுப்பது என் பங்கு.

அவர் துப்பாக்கி, ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் உருவாக்கிய 7x57 தோட்டாவைச் சுடுவது. 1892-ல் பிறந்த இந்தத் தோட்டாவை இங்கிலாந்தின் ரிக்பி நிறுவனம் .275 ரிக்பி என்ற பெயரில் விற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் பரிசளித்ததும் இந்தத் தோட்டாவைச் சுடும் ஒரு ரிக்பி துப்பாக்கிதான். தோளில் அதிகம் உதைக்காமல், பன்றிக்கும் காட்டாட்டுக்கும் போதுமான வலுவைத் தருவதால்தான் 130 ஆண்டுகளுக்குப் பிறகும் இதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் தோட்டாவை விட்டுவிட்டு ஏன் கையால் நிரப்ப வேண்டும் என்பதற்கும் இந்தத் தோட்டாவின் வயதே காரணம். 1893, 1895 மாதிரி மௌசர்கள் இன்னும் பலரிடம் இருப்பதால், அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு இதன் அழுத்த வரம்பைச் சதுர அங்குலத்துக்கு 51,000 பவுண்டு என்று தாழ்வாகவே வைத்திருக்கிறது. ஐரோப்பிய வரம்பு 390 மெகாபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 56,500 பவுண்டு. எனவே அமெரிக்கப் பெட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் மிதமானவை. வலுவான பிற்காலத் துப்பாக்கி வைத்திருப்பவர் கையால் நிரப்பினால் கொஞ்சம் கூடுதல் வேகம் பெறலாம். பழைய மாதிரியை வைத்திருப்பவர் அதற்கு ஆசைப்படவே கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்கத்தில் இது 173 கிரெயின் (ஒரு கிராம் ஏறத்தாழ 15 கிரெயின்) எடையுள்ள, நீண்ட உருண்டைமூக்குக் குண்டுக்காகச் செய்யப்பட்டதால், பழைய குழல்களின் தொண்டை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்குவதற்கு முன்னுள்ள பகுதி, நீளமானது. 139 அல்லது 140 கிரெயின் குண்டு அந்தத் தொண்டையில் வெகுதூரம் தாவித்தான் வரிப்பள்ளங்களைத் தொடுகிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கு ஒத்துப்போகும் குண்டையும் உட்காரவைக்கும் ஆழத்தையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மருந்தின் அளவை இங்கே நான் எழுதப்போவதில்லை. மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையைப் பார்த்து, அதன் கீழ்எல்லையில் தொடங்கி, அரை கிரெயினுக்கும் குறைவான படிகளில் ஏறுவதுதான் முறை. அத்தான் பயன்படுத்துவது ஆஸ்திரேலியாவின் ஏடிஐ ஏஆர்2209. அமெரிக்காவில் இதுவே எச்4350 என்ற பெயரில் விற்கப்படுகிறது. வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாத மருந்து என்பதால், வெயில் 40 பாகையைத் தொடும் ஊருக்கு ஏற்றது. சிறுசிறு குச்சிகளாக இருக்கும். நாலைந்து குச்சிகள் சேர்ந்தால் 0.1 கிரெயின். நம் தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின் என்று வைத்துக்கொண்டால், அதில் இருபதில் ஒரு பங்கைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது விளங்கும்.

இனி தராசுகள். மின்தராசின் கவர்ச்சி அதன் எண்களில் இருக்கிறது. 0.001 கிராம் என்பது 0.015 கிரெயின், கோல்தராசு காட்டும் 0.1 கிரெயினைவிட ஆறு மடங்குக்கும் மேல் நுண்மை. பெட்டியிலேயே 20 கிராம் எடைக்கல், சிறிய தட்டு, இடுக்கி எல்லாம் வந்துவிடுகின்றன. காலையில் குளிர்ந்த கொட்டகையில் எடைக்கல்லை வைத்துச் சரிசெய்தபோது ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. தகரக்கூரை சூடேறிய பிற்பகலில் பார்த்தால், ஒன்றும் வைக்காத காலித் தட்டே 0.3 கிரெயின் என்றது. பூச்சியப் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். சிறிது நேரத்தில் மறுபடியும் நகரும். மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஓயாமல் துள்ளுகிறது.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது வேறொன்று. வேண்டிய எடைக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டு, மருந்தைச் சிறிதுசிறிதாகக் கொட்டும் திருகு குழாயை விரலால் உருட்டிக் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் விழவைத்தோம். ஒன்று விழுந்தது, இரண்டு, மூன்று, நான்கு விழுந்தன, எண் அசையவில்லை. தட்டைத் தூக்கி மறுபடி வைத்தவுடன் எண் தாவி, வேண்டிய அளவைத் தாண்டி நின்றது. இந்த வகைத் தராசுகள் மெல்ல மெல்ல வரும் மாற்றத்தை வெப்பத்தால் வந்த நகர்வு என்று எண்ணித் தாமாகவே கழித்துவிடும்படி அமைக்கப்பட்டவை. நகைக்கடையில் மோதிரத்தை ஒரே தடவையாக வைத்து எடுப்பவருக்கு இந்த ஏற்பாடு நன்மையே செய்கிறது. மருந்தைச் சொட்டுச்சொட்டாகச் சேர்ப்பவருக்கு அது பொய் சொல்கிறது, அதுவும் ஆபத்தான திசையில்: திரையில் இருப்பதைவிடத் தட்டில் அதிகம் இருக்கிறது. கிராமுக்கும் கிரெயினுக்கும் மாறும் பொத்தான் அணைப்புப் பொத்தானை ஒட்டியே இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

எம்500-க்கு மின்கலம் வேண்டாம். கத்திமுனையின்மேல் நிற்கும் ஒரு கோல், அதில் நகரும் எடைகள், முனையில் ஒரு முள். 500 கிரெயின் வரை நிறுக்கும். கோலோடு சேர்ந்த உலோகத் தகடு ஒன்று காந்தத்தின் நடுவே அசைவதால், ஆட்டம் இரண்டு மூன்று ஊசலில் அடங்கிவிடுகிறது. எடைக்கு எதிராக எடையை வைத்து ஒப்பிடும் கருவி என்பதால், கொட்டகையின் சூடு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. காலையில் நிறுத்த அதே குண்டைப் பிற்பகலில் வைத்தபோதும் முள் அதே கோட்டில் நின்றது. குச்சி ஒன்று விழுந்தால் முள் இலேசாக எழுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இதே வேலைக்கு லீ நிறுவனத்தின் மலிவான கோல்தராசும் உண்டு; ஆனால் அது 100 கிரெயினோடு நின்றுவிடுவதால், 140 கிரெயின் குண்டை வைத்துத் தராசைச் சோதித்துக்கொள்ளும் வசதி அதில் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. மின்தராசைவிடப் பல மடங்கு விலை. வேலை மெதுவாகத்தான் நடக்கும். மேசை சமமாக இருக்க வேண்டும்; அடியிலுள்ள திருகைக் கொண்டு மட்டம் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். முள்ளைக் கண்மட்டத்தில் நேராகப் பார்க்காவிட்டால் அரைக்கோடு தவறிவிடும் என்பதால் அத்தான் அதை ஒரு அலமாரித் தட்டில் ஏற்றிவைத்திருக்கிறார். வெள்ளெழுத்துக் கண்ணாடி போடும் வயதுள்ளவர்கள், கைப்பேசியின் கேமராவை முள்ளுக்கு நேரே நிறுத்தித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. காற்று இதையும் ஆட்டும்; மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் அந்த 0.015 கிரெயின் நுண்மையை இழப்பது நட்டமா என்று நான் கேட்டதற்கு, “தம்பி, பன்றிக்கு அது தெரியாது” என்றார் அத்தான். கணக்கும் அவர் பக்கம்தான். இந்த அளவுள்ள தோட்டா உறையில் மருந்து 0.1 கிரெயின் கூடினால் வேகம் நொடிக்கு 5, 6 அடி மாறும். 200 மீட்டரில் நிற்கும் விலங்குக்கு அது ஒரு பொருட்டில்லை. குண்டை உட்காரவைக்கும் ஆழத்தைச் சற்று மாற்றியபோது தாளில் துளைகள் நெருங்கிய அளவுக்கு, மருந்தை நுணுக்கி நிறுத்தபோது நெருங்கவில்லை. ஆனால் தராசு தெரியாமல் ஒரு கிரெயின் நகர்ந்துவிட்டால், அதுவும் அட்டவணையின் மேல்எல்லைக்கு அருகில் நகர்ந்துவிட்டால், தட்டையாகிப்போன பிரைமரும் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) திறக்க மறுக்கும் போல்ட்டும்தான் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) அதைச் சொல்லும். பழைய மௌசரில் அந்த அறிகுறிகள் வரும்போது அழுத்தம் ஏற்கனவே எல்லையைக் கடந்திருக்கும். ஆகவே குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் காட்டும் வேகம் அட்டவணை வேகத்தைத் தாண்டினாலே அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் விதி. இந்த வேலைக்கு வாங்கும் தராசில் நான் எதிர்பார்ப்பதும் எத்தனை இலக்கம் என்பதை அல்ல. காலையில் சொன்னதையே மாலையிலும் சொல்கிறதா என்பதைத்தான்.

மின்தராசைக் குப்பையில் போடவில்லை. ஒரே தடவையாக வைத்து எடுக்கும் வேலைகளில் அது வேகமானது. வெற்று உறைகளை எடைவாரியாகப் பிரிப்பதற்கும், பெட்டியிலுள்ள குண்டுகளில் எடை தப்பியவற்றை ஒதுக்குவதற்கும் அதையே வைத்திருக்கிறோம். பத்து உறைக்கு ஒருமுறை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொண்டால் போதும். மருந்துக்கு எம்500 மட்டுமே. பெர்த்தில் உறவினர் உள்ளவர்கள் எம்500-ஐ அங்கேயே வாங்கிக்கொள்வது எளிது. மின்தராசு வேண்டுமானால் சிம் லிம் டவரில் 0.01 கிராம் காட்டுவதைத் தவிர்த்து 0.001 கிராம் காட்டுவதைக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் 0.01 கிராம் என்பதே 0.15 கிரெயின் ஆகிவிடும். திரும்பி வரும்போது பெட்டியில் தராசைத் தவிர வேறெதுவும், ஒரு வெற்று உறைகூட, தங்கிவிடவில்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு விமானநிலையத்துக்குக் கிளம்புங்கள்.