போர்வெல் தண்ணீருக்கு டிடிஎஸ் பேனா வாங்கலாமா?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) மீட்டரை போர்வெல் வைத்திருக்கும் எல்லோரும் வாங்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணை மட்டும் நம்பி, குடிக்கலாம் என்றோ பயிருக்குப் பாய்ச்சலாம் என்றோ முடிவுக்கு வரக் கூடாது.

மூடியைக் கழற்றினால் அடியில் இரண்டு சின்ன உலோக ஊசிகள் தெரியும். அவற்றுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைத்தான் பேனா அளக்கிறது. இந்த மின்கடத்தும் திறனுக்குப் பெயர் இ.சி., அலகு மைக்ரோசீமென்ஸ். அதை ஓர் எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. மலிவான பேனாக்களில் அந்த எண் பெரும்பாலும் 0.5, சிலவற்றில் 0.7. அதனால்தான் ஒரே தண்ணீருக்கு ஒரு பேனா 700 என்றும் இன்னொன்று 980 என்றும் சொல்கிறது. இ.சி.யும் காட்டும் மாடலையே வாங்குங்கள். பாசனத்துக்கு அந்த எண்தான் வேண்டும்: பீன்ஸுக்கு 700, வெங்காயத்துக்கு 800 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், பருத்தி 5,000 வரை தாங்கும்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் 10க்குள் காட்ட வேண்டும். அதே தண்ணீர் ஒரு லிட்டரில் 10 கிராம் உப்பைக் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால், இ.சி. 2,000க்கு அருகில் வரும். ஊசியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலோ வெள்ளை உப்பு படிந்திருந்தாலோ எண் குறைத்துக் காட்டும். குமிழி போக, பேனாவை ஒரு முறை தட்டினால் போதும். படிவுக்கு வினிகரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். 999ஐத் தாண்டியதும் சில பேனாக்களில் திரை ஓரத்தில் பொடி எழுத்தில் ‘×10’ வரும். அதைக் கவனிக்காவிட்டால் 1,230 டிடிஎஸ் உள்ள தண்ணீரை 123 என்று நினைத்துக் குடிப்போம்.

பேனாவுக்குத் தெரிவது உப்பின் அளவு மட்டும்தான், எந்த உப்பு என்பது தெரியாது. இரண்டு கிணறுகளிலும் 900 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம்: சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கெய்சரில் பொருக்குத் தட்டும். மற்றதில் சோடியம் பைகார்பனேட்: சோப்பு நன்றாக நுரைக்கும், வீட்டில் எல்லோரும் நல்ல தண்ணீர் என்பார்கள். வயலில் அதுதான் மண்ணை இறுக்கிக் களராக்கும். கால்சியம் குறைந்த இப்படிப்பட்ட தண்ணீரில்தான் ஃப்ளோரைடும் எளிதாகத் தங்கும். அதன் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அந்த அளவு வித்தியாசம் பேனாவின் பிழை வரம்புக்குள்ளேயே மறைந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் பேனாவை நம்பிக் குடிநீரை முடிவு செய்யவே கூடாது. நைட்ரேட்டும் கிருமியும் அதே கதைதான்.

ஆகவே முதல் தடவை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம், பாசனத்துக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டில்தான் வேண்டும்.

பாசன அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (ஆர்.எஸ்.சி.) என்ற வரியை முதலில் பாருங்கள். கால்சியம், மெக்னீசியத்தைவிடக் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் எவ்வளவு மிஞ்சி நிற்கின்றன என்பதை அது சொல்லும். 1.25 வரை பயமில்லை, 2.5க்கு மேல் போனால் ஜிப்சம் இல்லாமல் பாய்ச்சக் கூடாது. ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்சினால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். அதில் இந்த எண்ணை ஒன்று குறைக்க 17 கிலோ சுத்த ஜிப்சம் தேவை. 70 சதவீதத் தரமென்றால் 25 கிலோ.

அதன்பிறகு பேனாவுக்கு வேலை உண்டு. மாதம் ஒரு முறை, அதே குழாயில், அதே அளவு நேரம் ஓடவிட்டு, எண்ணை மோட்டார் ரூம் சுவரிலேயே எழுதி வையுங்கள். போன மே மாதத்தைவிட இந்த மே மாதம் ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருந்தால் மறுபடி ஒரு பாட்டில் ஆய்வகத்துக்குப் போகட்டும்.